படை விட்டு வந்தவரும் நம் தோழரே

(சிங்கப்பூர் சிராங்கூன் சாலையை அடுத்த மண்டபம் ஒன்றில், தோட்டத் தொழிலாளரும் எழுத்தர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலம் கடந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நிரை முடித்து, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். ஆகவே அலங்காரப் பேச்சில் உங்கள் நேரத்தை வீணாக்க நாம் விரும்பவில்லை. பேச வேண்டிய பொருள் ஒன்றே: படையில் பணியாற்றிவிட்டுச் சாதாரண வேலைக்குத் திரும்பும் மனிதன் அந்த வேலையில் நிலைத்து நிற்கவும் முன்னுக்கு வரவும் என்ன செய்ய வேண்டும்? யார் செய்ய வேண்டும்?

“இது அரசாங்கத்தின் பாடு, தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை?” என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே. நம் தோட்டங்களின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது.

கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள்

இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் ஃபேரர் பார்க் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17-இல், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை அந்தத் திடலில்தான் வெள்ளையர் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் முதல் விதை அங்கே விழுந்தது.

1943 ஜூலை 5-இல், பாடாங் திடலில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அப்படையின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். அக்டோபர் 21-இல் கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. இவையெல்லாம் நீங்கள் பள்ளியிலும் படித்திருப்பீர்கள், பாட்டன் வாயிலும் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் அந்தப் படையில் சேர்ந்த பொதுமக்கள் யார்? பல்லாயிரவர் நம் தோட்டத்து மக்கள். மங்கும் வாளியும் ஏந்திய கைகள். செக்ரோல் எழுதிய கைகள். நாட்டுப்பற்றால் சேர்ந்தவர் உண்டு; பசியால் சேர்ந்தவர் உண்டு; சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற அச்சத்தால் சேர்ந்தவரும் உண்டு. எதனால் சேர்ந்தாலும், சேர்ந்தபின் அவர்கள் மாறினார்கள். “துரை வருகிறார்” என்றால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றவன், அங்கே நிமிர்ந்து நிற்கக் கற்றான். லாரி ஓட்டக் கற்றான். காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றான். சாதி பாராமல் ஒரே பந்தியில் உண்ணக் கற்றான். பத்துப் பேரை நடத்திச் செல்லும் பொறுப்பையும் கற்றான்.

1945-இல் போர் முடிந்தது. படை கலைந்தது. அவன் எங்கே போனான்? அதே தோட்டத்துக்கு, அதே லயத்துக்கு, அதே நிரைக்கு!

திரும்பி வந்தவனுக்குக் கிடைத்தது என்ன?

ஒரு சட்டத்தை இங்கே நினைவூட்டுகிறோம். 1944-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், போருக்குப் போன தன் நாட்டுத் தொழிலாளி திரும்பி வந்ததும் பழைய முதலாளி அவனுக்குப் பழைய வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. அதே ஆண்டில் அமெரிக்கா, திரும்பி வரும் சிப்பாய்க்குப் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் தர வழி செய்தது. போர் முடிவதற்கு முன்பே, போர் முடிந்தபின் மனிதன் என்ன செய்வான் என்று சிந்தித்தார்கள். அது நல்ல காரியம். மறுக்கவில்லை.

நம்மவனுக்கோ அப்படி ஒரு வரியும் எழுதப்படவில்லை. தோற்ற படையின் சிப்பாய் அவன். ஆட்சிக்குத் திரும்பிய வெள்ளையரின் கண்ணில் சந்தேகத்துக்குரியவன். எஸ்பிளனேடு அருகே நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய வீரர் நினைவுத் தூணை, செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலப் படை வெடி வைத்துத் தகர்த்தது. கல்லையே விட்டு வைக்காதவர்கள் மனிதனுக்கு வேலை தேடிக் கொடுப்பார்களா? அந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை எழ 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தியா விடுதலை பெற்றதே, அங்கே என்ன நடந்தது? பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்து போஸ் பக்கம் சென்ற சிப்பாய்களை விடுதலை பெற்ற இந்தியாவின் ராணுவமும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-இல்தான் விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கான ஓய்வூதியத் திட்டம் வந்து, அவர்களும் அதில் இடம் பெற்றார்கள். கணக்குப் போடுங்கள், கிராணியார்களே! 1945-இல் இருபது வயது வாலிபனாக இருந்தவனுக்கு 1972-இல் நாற்பத்தேழு வயது. உழைக்கும் காலமெல்லாம் ஓடிவிட்டது. பாராட்டு என்றைக்கு வந்தாலும் இனிக்கும். சோறு பசிக்கிற அன்றைக்கு வரவேண்டும்.

முன்னுக்கு வந்தவர்கள் எப்படி வந்தார்கள்?

அந்தப் படையிலிருந்து வந்து, சாதாரண வாழ்வில் உயர்ந்து நின்றவர்களும் உண்டு. ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி, போருக்கு முன்பே சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்தவர். பின்னாளில் இந்தியாவில் கான்பூர் நகரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, முதுமை வரை அந்தப் பணியில் நிலைத்தார். 2012-இல் மறைந்தார். பதின்ம வயதிலேயே அப்படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியர் ஆனார். 1960-இல் மலாயாவில் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் கண்டு, ஆணுக்கு நிகரான சம்பளம் பெண்ணுக்கும் வேண்டும் என்று போராடினார். பர்மா முனை வரை சென்று வந்த ஜேம்ஸ் புதுச்சேரி, கல்வி கற்று, சிங்கப்பூர்த் தொழிற்சங்க இயக்கத்தில் உழைத்தார். 1956-இல் சிறை புகுந்து, அங்கிருந்தபடியே மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்து நூல் எழுதினார்.

இவர்கள் நம் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்களிடம் கல்வி இருந்தது. அல்லது கல்வியைத் தொடரும் வழி இருந்தது. படை வாழ்வு கொடுத்த துணிவும், கையில் இருந்த படிப்பும் சேர்ந்து அவர்களைத் தூக்கி நிறுத்தின. பால்மரம் வெட்டியவனிடம் துணிவு மட்டும்தான் இருந்தது. படிப்பு இல்லை, பணம் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை.

அவன் என்ன செய்தான்? தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டான். கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில், தொண்டர் படை எழுந்தது. முன்னாள் இந்திய தேசிய ராணுவத்தார் அதில் முன்னின்றார்கள். கள்ளுக்கடையை ஒழி, குடியை விடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, நிமிர்ந்து நட என்றார்கள். 1947-இல் போலீஸ் அவர்கள் மேல் பாய்ந்தது. இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி அளித்தவரான எஸ். ஏ. கணபதி, அனைத்து மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948-இல் சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பாக்கப்பட்டது. 1949 மே 4-ஆம் நாள், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற வழக்கில், புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கணபதியின் அரசியலை ஏற்போரும் உண்டு, மறுப்போரும் உண்டு. நாம் சொல்ல வருவது வேறு. ஒழுங்கும் திறமையும் படைத்த ஒரு தலைமுறை மனிதர்கள் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களைத் தண்டலாகவோ, ஓட்டுநராகவோ, மருத்துவ உதவியாளராகவோ ஆக்கிப் பயன்படுத்தியிருந்தால் தோட்டமும் வாழ்ந்திருக்கும், அவர்களும் வாழ்ந்திருப்பார்கள். அதற்குப் பதிலாக அவர்களைக் கண்டு அஞ்சினார்கள். அந்த இழப்பை இன்றும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

வேலை கிடைப்பது வேறு, வேலையில் நிலைப்பது வேறு

பழங்கதை போதும், இன்றைக்கு வருவோம். மலேசியப் படையில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து 21 ஆண்டுப் பணி முடிக்காமல் வெளியே வருபவனுக்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை. தமிழ்நாட்டில் நம் உறவினர் பிள்ளைகள் ராணுவத்தில் சேர்கிறார்கள். 2022-இல் இந்திய அரசு கொண்டுவந்த அக்னிபத் திட்டம், சிப்பாயின் பணிக்காலத்தை நான்கு ஆண்டாக்கி, நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் நிரந்தரம் இல்லை என்று விதித்தது. மற்ற எழுபத்தைந்து பேரும் மீசை கறுத்திருக்கும்போதே வீடு திரும்ப வேண்டும். இவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்? நம் தொழிலிடங்களுக்குத்தான் வருவார்கள்.

வந்தால் முதலில் கிடைப்பது எது? ஜாகா வேலை! தமிழ்நாட்டில் 1986-இல் அரசாங்கமே முன்னாள் படைவீரர் கழகம் ஒன்றை, டெக்ஸ்கோ என்ற பெயரில், அமைத்தது. அது பலருக்குச் சோறு போட்டிருக்கிறது. நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அங்கும் பெரும்பாலும் காவல் வேலைதான். பதினைந்து ஆண்டு இயந்திரம் பழுது பார்த்தவன் வாசலில் நின்று வண்டி எண் எழுதுகிறான். கம்பியில்லாத் தந்தி இயக்கியவன் கதவு திறந்து மூடுகிறான். காவல் வேலை இழிவானது அல்ல. ஆனால் கைத்தொழில் தெரிந்தவனைக் கதவோடு கட்டி வைப்பது, நன்றாகப் பால் சுரக்கும் மரத்தை விறகுக்கு வெட்டுவது போன்றதல்லவா?

சரி, நல்ல வேலையே கிடைத்தது என்று வையுங்கள். அப்போதும் சில மாதங்களில் விட்டுப் போகிறவர்களை நாம் பார்க்கிறோம். ஏன் போகிறார்கள்?

படையில் அவனுக்கு யார் கட்டளையிடுவார், எதற்காக இடுவார் என்பது தெளிவு. இங்கே தண்டல் ஒன்று சொல்கிறார்; கிராணி வேறொன்று எழுதுகிறார்; துரை மூன்றாவது ஒன்றைக் கேட்கிறார். அவன் திகைக்கிறான். அங்கே அவனுக்குப் பட்டம் இருந்தது. தோளில் அடையாளம் இருந்தது. இங்கே நாற்பது வயதில், இருபத்தைந்து வயதுக்காரன் கீழே, புது ஆள் சம்பளத்தில் தொடங்குகிறான். “கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசையா?” என்று நம்மவர்களே கேலி செய்கிறார்கள். செய்யாதீர்கள், தோழர்களே! மனிதனுக்குக் கூழும் வேண்டும், மீசையும் வேண்டும். மானத்தோடு கூழ் குடிக்கத்தானே நாமும் சங்கம் வைத்திருக்கிறோம்?

அங்கே அவனைச் சுற்றி எப்போதும் தோழர்கள். ஒருவன் விழுந்தால் மற்றவன் தூக்குவான். இங்கே வேலை முடிந்தால் அவரவர் வீடு. தனிமை அவனைத் தின்கிறது. சிலருக்கு உடலில் காயம், சிலருக்கு மனத்தில். இரவில் தூக்கம் வராது. பட்டாசுச் சத்தம் கேட்டால் உடல் நடுங்கும். இதைக் கோழைத்தனம் என்று நினைத்து அவனே மறைக்கிறான். மறைக்க மறைக்கக் குடி வருகிறது, சண்டை வருகிறது, வேலை போகிறது.

சிங்கப்பூர் காட்டும் இரண்டு பாடங்கள்

இந்த ஊர் நமக்கு இரண்டு பாடம் சொல்லித் தருகிறது.

முதல் பாடம் தேசிய சேவை. 1967-இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் அணி வாலிபர்கள் படையில் சேர்ந்தார்கள். முழுநேரச் சேவை முடிந்தபின்னும் ஆண்டுதோறும் பயிற்சிக்கு அழைப்பு வரும். அழைப்பு வந்தால் முதலாளி விடுப்புத் தரவேண்டும். படைச் சேவையைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது. சேவை நாட்களில் சம்பளம் குறையாதபடி ஈடு செய்யவும் ஏற்பாடு உண்டு. இதனால் படைக்குப் போவதும் வேலைக்குத் திரும்புவதும் ஒருவனுடைய தனிப்பட்ட கஷ்டமாக இல்லாமல், எல்லார்க்கும் பொதுவான நடைமுறையாகிவிட்டது. முதலாளியின் நல்ல மனத்தை நம்பி இருக்கவேண்டியதில்லை. சட்டம் துணை நிற்கிறது.

இரண்டாவது பாடம் பிரிட்டிஷ் தளங்கள் மூடப்பட்ட கதை. 1971 முடிவுக்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தது. இந்தத் தீவின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் நம் தமிழரும் மலையாளிகளும் ஏராளமானோர் வேலை பார்த்தார்கள். அவர்கள் சிப்பாய்கள் அல்லர். ஆனாலும் படையை நம்பிப் பிழைத்தவர்கள். படை போனால் பிழைப்பும் போகும். அப்போது என்ன செய்தார்கள்? ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு யோசிக்கவில்லை. வேலை இருக்கும்போதே மறுபயிற்சி தொடங்கினார்கள். கடற்படைப் பட்டறை 1968 டிசம்பரில் கை மாறிச் செம்பவாங் கப்பல் பட்டறை ஆயிற்று. போர்க்கப்பல் பழுது பார்த்த கை வணிகக் கப்பல் பழுது பார்த்தது. துன்பமே இல்லை என்று சொல்லவில்லை. பல குடும்பங்கள் அல்லற்பட்டன, சிலர் ஊருக்கே திரும்பினார்கள். ஆயினும் பாடம் தெளிவு: பயிற்சி, வேலை போவதற்கு முன் வரவேண்டும். பின்னால் வந்தால் அது பயிற்சி அல்ல, ஆறுதல்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே முதலாளிமார்களிடமும் அரசாங்கங்களிடமும் சங்கத்தின் பெயரால் நாம் கேட்க வேண்டியவை இவை.

முதலாவது: படைப்பணி ஆண்டுகளை அனுபவ ஆண்டுகளாகக் கணக்கிட வேண்டும். பத்து ஆண்டு லாரி ஓட்டியவன் நேற்று உரிமம் எடுத்தவனோடு ஒரே சம்பளப் படியில் நிற்கக் கூடாது.

இரண்டாவது: அவன் படையில் கற்ற தொழிலை நாட்டில் செல்லும் சான்றிதழாக மாற்றித் தரவேண்டும். அதுவும் படையை விட்டு இறங்குவதற்கு முன்பே.

மூன்றாவது: முதல் ஓராண்டு, வேலை தெரிந்த ஒருவரை அவனுக்குத் துணையாக நிறுத்த வேண்டும். சந்தேகம் கேட்டால் சிரிக்காத ஒருவராக இருக்க வேண்டும்.

நான்காவது: உடல் காயத்துக்கும் மனக் காயத்துக்கும் மருத்துவ விடுப்பு வேண்டும். அதைக் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது.

ஐந்தாவது, மிக முக்கியமானது: அவனைத் தொழிலாளிக்கு எதிரான காவல் நாயாகப் பயன்படுத்தக் கூடாது. வேலைநிறுத்தம் என்றால் வாசலில் கம்பு கொடுத்து நிறுத்துவதற்கென்றே முன்னாள் சிப்பாயைத் தேடுகிற முதலாளிகள் இருக்கிறார்கள். கட்டளைக்குப் பணிந்து பழகியவன், கேள்வி கேட்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைப் பொய்யாக்குவது நம் கையில் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

எப்படிப் பொய்யாக்குவது? முதலாளி கம்பு கொடுப்பதற்கு முன் நாம் கை கொடுக்க வேண்டும்.

படையில் சங்கம் கிடையாது. சிப்பாய் சங்கம் சேரக் கூடாது என்பது படைகளின் விதி. ஆகவே இத்தனை ஆண்டு உலகம் சுற்றியவனுக்குச் சங்கம் என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். கட்டளைக்குக் கீழ்ப்படியாமை என்று அதைத் தவறாக எண்ணவும் கூடும். அவனைப் பழிக்காதீர்கள், விளக்குங்கள். “நீ உன் அணியில் பக்கத்து ஆளை விட்டுவிட்டு ஓடினாயா? இல்லையல்லவா? சங்கமும் அதுதான்” என்று சொல்லுங்கள். நம்மில் பலரை விட விரைவில் அவன் புரிந்துகொள்வான்.

ஒவ்வொரு கிளையிலும், புதிதாக வந்த முன்னாள் படையினரைக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள். கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள்: பணிப் பதிவேடு, சேமநிதி, பணிக்கொடை, மருத்துவச் சான்று ஆகிய தாள்களை நிரப்பத் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் ஏராளம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், உங்கள் பேனா அவர்களுக்குப் பயன்படட்டும். மலேசியாவில் படை விட்டு வருவோருக்குத் தொழில் பயிற்சி தர பெர்ஹெபாட் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் கதவைத் தட்டக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.

வீட்டுப் பெண்களை மறவாதீர்கள். அவன் தூங்காத இரவுகளில் விழித்திருப்பவள் அவன் மனைவி. மாதர் பகுதியினர் அவளோடு பேசினால்தான் வீட்டில் என்ன நடக்கிறது என்று சங்கத்துக்குத் தெரியும்.

படை விட்டு வந்த சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இங்கே கட்டளை இட்டால் யாரும் காலைத் தட்டி வணங்கமாட்டார்கள். அதில் மனம் நோகாதீர்கள். மரத்தின் பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் வராது. அளவறிந்து வெட்டக் கற்க யாருக்கும் காலம் பிடிக்கும். ஓராண்டு பொறுத்திருங்கள்; கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். துன்பம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சொல்வது வீரத்துக்கு இழுக்கு அல்ல.

தோழர்களே! 1945-இல் திரும்பி வந்தவர்களுக்கு நாடும் கை கொடுக்கவில்லை, தோட்டமும் கை கொடுக்கவில்லை. அன்று சங்கங்கள் இளம் பிள்ளைகள். எழுந்து நிற்கும் முன்னே அடித்து வீழ்த்தப்பட்டன. இன்று நமக்கு அந்தச் சாக்கு இல்லை. சங்கம் இருக்கிறது; பத்திரிகை இருக்கிறது; எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கிருந்து திரும்பியதும் முதல் வேலையாக, உங்கள் தோட்டத்திலும் அலுவலகத்திலும் படை விட்டு வந்தவர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர் என்ன தொழில் கற்றார், இப்போது என்ன வேலை செய்கிறார், சங்கத்தில் இருக்கிறாரா என்ற மூன்று கேள்வி போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை மேசை மேல் வையுங்கள். மற்றதைச் சேர்ந்து செய்வோம்.